ஊர் வேலை ஊராருக்கே என்று ஒரு மனு

குடியரசு நாள் கிராம சபை முடிந்த கையோடு அங்கே போட்ட தீர்மானத்தின் நகலை ஊரார் கொண்டுவந்து என் வக்கீல் மேசைமேல் வைத்தார்கள். ஆண்டு 2019. ஊராட்சி எல்லைக்குள் அரசுப் பணத்தில் எந்தக் கட்டுமானம் நடந்தாலும் ஊரில் குடியிருப்பவர்களுக்கே முதலில் வேலை தரவேண்டும், ஆள் போதாவிட்டால்தான் வெளியாள். தீர்மானம் இவ்வளவுதான். கீழே இரண்டு பக்கத்துக்குக் கையெழுத்தும் கைநாட்டும்.

"இத வெச்சு ஐகோர்ட்ல ஒரு ஆர்டர் வாங்கிக் குடுங்க சார்" என்றார் முன்னாள் வார்டு உறுப்பினரான பெரியவர். முன்னாள் என்று சொல்லக் காரணம் உண்டு. 2016-ல் பதவிக்காலம் முடிந்த ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பர்வரை தேர்தலே நடக்கவில்லை. தனி அலுவலர்தான் எல்லாம். தலைவர் இல்லாத ஊரில் தீர்மானத்துக்கு என்ன மதிப்பு என்று அவர்களும் யோசிக்கவில்லை, நானும் அன்று கேட்கவில்லை. தலைவர் இருந்திருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது. ஒரு துறை டெண்டர் விட்டு, ஒப்பந்தம் கையெழுத்தாகி, வேலை தொடங்கிய பிறகு அதற்குப் புதிதாக ஒரு நிபந்தனை சேர்க்க கிராம சபைக்கு அதிகாரம் கிடையாது.

வேலை என்னவென்றால், தருமபுரி மாவட்டத்தின் மேற்கே ஓர் ஓடைக்கு உயர்மட்டப் பாலம், இரண்டு பக்கமும் இணைப்புச் சாலை. மழைக்காலத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓடையைக் கடக்க முடியாமல் நின்ற ஊர் அது. பாலம் வேண்டுமென்று பல வருடம் மனு கொடுத்தவர்களும் இவர்கள்தான். கடைசியில் பாலம் வந்தது. கூடவே வேறு மாவட்டத்து ஒப்பந்ததாரர் வந்தார், அவருக்குக் கீழே ஒரு மேஸ்திரி, மேஸ்திரியோடு ஒடிசாவிலிருந்து இளைஞர்கள். ஓடைக்கரையில் தகரக் கொட்டகை போட்டு அங்கேயே தங்கினார்கள். கம்பி கட்டுவது, சென்டரிங், கலவை எல்லாம் அவர்கள். ஊரிலிருந்து தண்ணீர் ஊற்றவும் சாக்கு சுற்றவும் ஒன்றிரண்டு பெண்களைக் கூப்பிட்டார்கள், பிறகு அவர்களையும் நிறுத்திவிட்டார்கள்.

தீர்மானத்தோடு என்னிடம் வந்தவர்களில் ஒரு அம்மா ஓரமாக நின்றிருந்தார். பெங்களூருவில் கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போய் வருபவர். "ஊருக்குள்ள பாலம் கட்டறாங்க, ஊர்க்காரி நான் திங்கக்கெழம விடியக்காலம் பஸ் ஏறி ஒயிட்பீல்டு போறேன். இது எந்த ஊரு நாயம் சார்?"

தருமபுரி மாவட்டத்தில் வக்கீல் தொழில் செய்கிற யாருக்கும் இந்தக் கேள்வி புதிதல்ல. மானாவாரி பூமி. கேழ்வரகு, நிலக்கடலை, சாமை முடிந்தால் நிலத்தில் வேலை இல்லை. பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பக்கத்து ஆட்கள் பெங்களூருக் கட்டடங்களிலும் கேரளத்திலும் திருப்பூரிலும் இருக்கிறார்கள். ஆனால் மாவட்டத்துக்குள் பெரிய பணம் வராமலும் இல்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 1,900 கோடி ரூபாயைத் தாண்டிய திட்டம். ஜப்பான் கடனுதவியில் 2008-ல் அடிக்கல் நாட்டி 2013-ல் மக்களுக்கு வந்தது. ஃப்ளோரைடு கலந்த தண்ணீரால் பல்லும் எலும்பும் கெட்ட ஊர்களுக்குக் காவிரித் தண்ணீர் போனது, அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. 1906-ல் ஓடத் தொடங்கி 1941-ல் மூடப்பட்ட மொரப்பூர்–தருமபுரி ரயில் பாதைக்கு மறுபடி 36 கிலோமீட்டருக்கு அடிக்கல் நாட்டியதும் அந்த 2019 மார்ச்சில்தான். வேலை வரும் என்று டீக்கடைகளில் பேசினார்கள். அந்தப் பேச்சில் எங்கள் தீர்மானமும் அடிபட்டது.

பாலத்தின் ஒப்பந்த நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கினேன். தொழிலாளர்களை, உள்ளூரோ வெளியூரோ, ஒப்பந்ததாரர் தன் ஏற்பாட்டில் அமர்த்திக்கொண்டு அவர்களுக்குக் கூலி, தங்குமிடம், சாப்பாடு, போக்குவரத்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு நிபந்தனை அதில் இருந்தது. உலகெங்கும் கட்டுமான ஒப்பந்தங்களுக்கு அச்சாக இருக்கும் ஃபிடிக் நிபந்தனைகளில் பழைய பதிப்பிலிருந்து அப்படியே வந்த வாசகம். சர்வதேச வங்கிகள் கடன் கொடுக்கும் வேலைகளுக்கான பதிப்பில் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்: நாட்டுக்குள்ளேயே ஆள் எடுப்பதை ஊக்குவிக்கிறோம் என்று. நாட்டுக்குள் என்றால் ஒடிசாவும் உள்ளூர்தான்! ஆக ஒப்பந்தத்தில் எங்களுக்கு ஒன்றுமில்லை.

சட்டத்தில் உண்டா? ரிட் மனுவில் மாண்டமஸ் கேட்கவேண்டுமானால் மனுதாரருக்கு ஒரு சட்ட உரிமை இருக்கவேண்டும், எதிரில் இருப்பவருக்கு ஒரு சட்டக் கடமை இருக்கவேண்டும். அரசமைப்புச் சட்டம் 16(2) அரசு வேலையில் வசிப்பிடத்தைக் காரணம் காட்டி யாரையும் ஒதுக்கக்கூடாது என்கிறது. விதிவிலக்கு வேண்டுமென்றால் 16(3)-ன்படி நாடாளுமன்றம்தான் சட்டம் செய்யவேண்டும், மாநிலம் செய்ய முடியாது. ஒப்பந்ததாரரின் கூலியாள் அரசு ஊழியர் இல்லை என்பதால் அந்தப் பிரிவு நேரடியாகப் பொருந்தாது. ஆனால் நீதிமன்றமே 'இந்த ஊராரை மட்டும் எடு' என்று உத்தரவு போட்டால் 14-ம் 19-ம் குறுக்கே வந்து நிற்கும். நாட்டில் எங்கும் போகவும் தங்கவும் தொழில் செய்யவும் ஒடிசா இளைஞனுக்கு உள்ள உரிமை எந்தத் தீர்மானத்தையும்விடப் பெரியது. ராஜஸ்தானில் ஆசிரியர் தேர்வில் அந்தந்த மாவட்டத்துக்காரர்களுக்குக் கூடுதல் மதிப்பெண் கொடுத்தார்கள். கைலாஷ் சந்த் சர்மா வழக்கில் 2002-ல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. அதற்கு முன்பே 1984-ல் பிரதீப் ஜெயின் வழக்கில், அது மருத்துவக் கல்லூரி இடம் பற்றிய வழக்கு என்றாலும், மண்ணின் மைந்தர் கோஷத்தைப் பற்றி நீதிபதி பகவதி கவலையோடு எழுதியிருக்கிறார்.

அதே 1984-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்திலும் ஏறத்தாழ எங்கள் வழக்கே வந்திருக்கிறது. நியூஜெர்சியில் கேம்டன் என்ற ஏழை நகரம், நகராட்சிப் பணத்தில் கட்டும் வேலைகளில் 40 விழுக்காடு ஆட்கள் நகரவாசிகளாக இருக்கவேண்டும் என்று விதி போட்டது. கட்டடத் தொழிலாளர் சங்கங்களே எதிர்த்து வழக்குப் போட்டன. வேறு மாநிலத்தாரின் உரிமையைப் பாதிக்கும் விதியை அரசமைப்பின்படி உரசிப் பார்க்கத்தான் வேண்டும் என்று சொல்லிக் கீழே திருப்பி அனுப்பியது நீதிமன்றம். அதற்கு முந்தின வருடம் பாஸ்டன் நகரம் போட்ட 50 விழுக்காட்டு விதி வேறு ஒரு பிரிவின்கீழ் தப்பியது. அங்கே குறைந்தபட்சம் விதி என்று ஒன்று இருந்தது, அதைச் சுற்றி வாதாடினார்கள். எங்களிடம் விதியும் இல்லை.

நிலம் இழந்தவர்களுக்கு மட்டும் ஒரு வாசல் உண்டு. 2013-ன் நிலம் கையகப்படுத்தல் சட்டத்தில் இரண்டாவது அட்டவணை, திட்டத்தில் வேலை உருவானால் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து வேலை, இல்லாவிட்டால் ஒரே தவணையில் 5 லட்சம், அல்லது 20 வருடத்துக்கு மாதம் 2,000 ரூபாய் என்கிறது. இணைப்புச் சாலைக்கு எங்கள் மனுதாரர் ஒருவர் துண்டு நிலம் கொடுத்திருந்தார். விசாரித்தால், கையகப்படுத்தவில்லை, விலை பேசிக் கிரயம் வாங்கியிருக்கிறார்கள். கிரயப் பத்திரத்தில் வேலை பற்றி ஒரு எழுத்தும் இல்லை.

இதையெல்லாம் ஒரு சாயங்காலம் உட்கார வைத்துச் சொன்னேன். பெரியவருக்குக் கோபம். "அப்ப எங்களுக்குன்னு சட்டத்துல ஒண்ணுமே இல்லயா?" என்றார். இளைஞர் ஒருவர், மகாராஷ்டிராவிலும் கர்நாடகாவிலும் கேட்கிறார்களே, நாம் மட்டும் ஏன் கேட்கக்கூடாது என்றார். கர்நாடகா என்ற பெயர் வந்ததும் அந்த அம்மாதான் அவரைப் பார்த்துத் திரும்பினார். "தம்பி, அவங்க கேக்கறது நம்மள வெளிய போன்னுதான்."

அதற்குமேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. உள்ளூராருக்கு வேலை என்ற கோரிக்கை கர்நாடகத்தில் சரோஜினி மஹிஷி குழு 1986-ல் அறிக்கை கொடுத்த காலத்திலிருந்து இருக்கிறது. அது முழுசாகச் சட்டமானால் முதலில் மூட்டை கட்டுவது ஓசூர் எல்லையைத் தாண்டித் தினம் போகிற தருமபுரி, கிருஷ்ணகிரி ஆள்கள்தான்.

பிறகு வேறு மாதிரி கேட்டேன். ஒப்பந்ததாரருக்கு ஏன் உங்களை வேண்டாம்? கூலி எவ்வளவு கேட்டீர்கள்? ஆளுக்கொரு பதில் வந்தது. ஊராள் பங்காளி வீட்டுச் சாவுக்குப் போவான், மழை பெய்தால் ஏர் பூட்டப் போவான், மாரியம்மன் திருவிழாவுக்கு ஒரு வாரம் வரமாட்டான். கொட்டகையில் இருப்பவன் ராத்திரி பத்து மணிக்குக் கான்கிரீட் வண்டி வந்தாலும் எழுந்து வருவான். இதெல்லாம் உண்மைதான். ஆனால் முழு உண்மை கூலியில் இருந்தது. ஒடிசாவிலிருந்து வந்தவர்கள் மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கியிருந்தார்கள். ஊர்க் கொத்தனார் கூலி என்று சொன்னதில் பாதிக்குச் சற்று மேல்தான் அவர்கள் கைக்குப் போயிற்று, அதிலும் அரிசி, பருப்பு, முன்பணம் எனப் பிடித்தம். அவர்கள் மலிவான ஆள்கள் என்று நினைப்பது தவறு. சட்டத்தை ஒதுக்கி வைத்ததால்தான் மலிவாக இருந்தார்கள்.

சட்டம் என்றால் 1979-ன் மாநிலங்களுக்கிடையே புலம்பெயர் தொழிலாளர் சட்டம். ஐந்து பேர் இருந்தாலே பொருந்தும். ஆள் கொண்டுவரும் ஒப்பந்ததாரருக்கு உரிமம் வேண்டும். ஒவ்வொருவருக்கும் புகைப்படம் ஒட்டிய கணக்குப் புத்தகம் கொடுக்கவேண்டும். அதே வேலையைச் செய்யும் மற்றவர்களுக்குக் கொடுக்கும் கூலியையே கொடுக்கவேண்டும். அதோடு ஊர்விட்டு வந்ததற்கு மாதச் சம்பளத்தில் பாதியை இடப்பெயர்வுப் படியாகவும், வந்துபோகும் செலவையும் கொடுக்கவேண்டும். ஒப்பந்ததாரர் கொடுக்காவிட்டால் வேலை கொடுத்த முதன்மை நிர்வாகம் கொடுக்கவேண்டும். கூட்டிக் கணக்குப் போட்டால் ஒடிசா ஆள் ஊராளைவிடச் செலவு அதிகம் பிடிக்கும் ஆள். சட்டத்தைச் செய்தவர்கள் தெரிந்துதான் அப்படிச் செய்தார்கள். வெளியாளை ஏன் கொண்டுவருகிறாய் என்று கேட்கவில்லை, கொண்டுவந்தால் ஒரு பைசாகூட மிச்சம் பிடிக்காதே என்றார்கள்.

மனுவின் கோரிக்கையை அப்படியே மாற்றினேன். ஊராருக்கே வேலை என்ற வரி வெளியே போயிற்று. சாலை, கட்டட வேலைக்கான குறைந்தபட்சக் கூலியையும் 1979 சட்டத்தையும் பணியிடத்தில் அமல்படுத்தத் தொழிலாளர் துறைக்கு உத்தரவு வேண்டும் என்பது முதல் கோரிக்கை. நூறு நாள் வேலை கேட்டுக் கொடுத்த மனுக்களை வாங்கித் தேதியிட்ட ரசீது தரவேண்டும் என்பது இரண்டாவது. கிராம சபைத் தீர்மானத்தை இணைப்பாக மட்டும் வைத்தேன்.

இரண்டாவது கோரிக்கையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நம் நாட்டில் உள்ளூராருக்கே வேலை என்று எழுதிய ஒரு பொதுக் கட்டுமானச் சட்டம் இருந்ததென்றால் அது 2005-ன் வேலை உறுதிச் சட்டம்தான். தருமபுரிக்கு அது 2008 ஏப்ரலில் வந்தது. ஐந்து கிலோமீட்டருக்குள் வேலை, அதைத் தாண்டினால் பத்து விழுக்காடு கூடுதல் கூலி. ஒப்பந்ததாரர் கூடாது. ஆள் செய்யக்கூடிய வேலைக்கு இயந்திரம் கூடாது. கேட்ட 15 நாளில் வேலை இல்லையென்றால் படி, முதல் 30 நாளுக்குக் கூலியில் கால் பங்கு, பிறகு பாதி. இவ்வளவு தெளிவாக வேறு எந்தச் சட்டமும் எழுதவில்லை. ஆனால் செலவில் 60 பங்கு கூலிக்கு, 40 பங்குதான் பொருளுக்கு என்ற கணக்கும் அதில் இருந்தது. சிமென்ட்டும் கம்பியும் தின்னும் பாலம் அந்தக் கணக்குக்குள் அடங்காது. மண் வெட்டும் வரப்பும் குட்டையும் ஊராருக்கு, கோடி ரூபாய்ப் பாலம் ஒப்பந்ததாரருக்கு. சட்டமே பிரித்து வைத்த பங்கு அது. அந்த வருடம் தமிழ்நாட்டில் நூறு நாள் கூலி 229 ரூபாய். அதையாவது முழுசாகக் கேட்கலாம் என்றால், மனுதாரர்களின் வேலை அட்டைகளில் பல பக்கம் வெற்றாக இருந்தது. வேலை கேட்டதற்கு ஒருவர் கையிலும் ரசீது இல்லை. வாயால் கேட்டார்கள், "வந்தா சொல்றோம்" என்று வாயால் பதில் வந்தது. ரசீது இல்லையென்றால் 15 நாள் எங்கிருந்து எண்ணுவது?

சென்னைக்கு மொரப்பூர் போய்த்தான் ரயில் ஏறவேண்டும். வழக்கு வந்த அன்று பெரியவரும் கூட வந்தார். அரசு வழக்கறிஞர் நேராக இணைப்பைத்தான் பிடித்தார். இவர்கள் கேட்பது கூலி அல்ல, வெளிமாநிலத்தாரை விரட்டுவதுதான், இதோ தீர்மானம் என்றார். நீதிபதி என்னைப் பார்த்து, உங்கள் மனுதாரர்களின் பிள்ளைகள் எங்கே வேலை செய்கிறார்கள் என்று கேட்டார். பெங்களூருவில் என்றேன். அவர் புன்னகைத்தார் என்று நினைக்கிறேன், பின்வரிசையில் இருந்த பெரியவர் அப்படித்தான் சொன்னார். அந்தப் பிள்ளைகளுக்கு அங்கே எந்தச் சட்டம் கிடைக்கவேண்டும் என்று இவர்கள் விரும்புகிறார்களோ, அதே சட்டத்தைத்தான் இங்கே ஒடிசாவிலிருந்து வந்தவர்களுக்கும் கேட்கிறார்கள் என்றேன். அது வாதத்துக்காகச் சொன்னது மட்டுமல்ல, மனுவில் எழுதியிருந்ததும் அதுதான்.

உத்தரவு வழக்கமான அளவில் வந்தது. தொழிலாளர் துறை பணியிடத்தை ஆய்வு செய்து எட்டு வாரத்தில் உரிய நடவடிக்கை எடுக்கவேண்டும், வேலை கேட்கும் மனுக்களுக்கு ரசீது தரவேண்டும். வசிப்பிடம் பற்றி ஒரு சொல் இல்லை. இப்படிப் 'பரிசீலிக்க' என்று முடியும் உத்தரவை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போவது எந்த வக்கீலுக்கும் சங்கடம். கட்சிக்காரர் கேட்பது ஜெயித்தோமா தோற்றோமா என்று.

ஆய்வு நடந்தது. உரிமம் இல்லை, கணக்குப் புத்தகம் இல்லை, பெயர்ப் பதிவேடும் இல்லை. நோட்டீஸ் போயிற்று, ஒப்பந்ததாரர் ஏதோ கட்டினார். கொட்டகைக்குக் கூலி சற்றுக் கூடியது என்று கேள்விப்பட்டேன், எவ்வளவு என்று எவரும் எழுத்தில் காட்டவில்லை. ஊர்ப் பெண்கள் சிலரைத் திரும்பக் கூப்பிட்டார்கள். நூறு நாள் வேலைக்கு ரசீது கிடைக்க ஆரம்பித்தது. என் கணக்கில் அந்த வழக்கில் உருப்படியாகக் கிடைத்தது அந்த ரசீதுதான்.

மீதியை எந்த உத்தரவும் இல்லாமல் 2020 மார்ச் செய்தது. ஊரடங்கில் வேலை நின்றது. கொட்டகையில் இருந்தவர்கள் மாதக்கணக்கில் அகப்பட்டுக்கொண்டு, ரயில் விட்ட பிறகு ஊர் போய்ச் சேர்ந்தார்கள். பெங்களூரு போயிருந்த பிள்ளைகள் நடந்தும் லாரி பிடித்தும் திரும்பினார்கள். பாலத்துக்கு மேல்தளம் பாக்கி, ஒப்பந்ததாரருக்கோ கெடு. அவரே ஊருக்குள் வந்து ஆள் கேட்டார். கம்பியும் சென்டரிங்கும் தெரிந்த பையன்கள் வீட்டில் சும்மா இருந்தார்கள். பெங்களூருக் கூலியே கேட்டார்கள், கொடுத்தார். வேலை தெரியாதவர்கள், நேரத்துக்கு வரமாட்டார்கள் என்ற பேச்செல்லாம் அந்த மாதங்களில் எங்கே போயிற்றோ தெரியவில்லை. பெங்களூரு திறந்ததும் பாதிப் பேர் திரும்பிப் போய்விட்டார்கள். அங்கே வேலை வருடம் முழுவதும் இருக்கிறது, ஒரு பாலம் எத்தனை நாளைக்கு?

பிற்பாடு ஹரியானா 75 விழுக்காடு தனியார் வேலையை உள்ளூராருக்கு ஒதுக்கிச் சட்டம் செய்ததும், 2023 நவம்பர் 17 அன்று பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்ததும், 2024 ஜூலையில் கர்நாடக அமைச்சரவை அப்படி ஒரு மசோதாவுக்கு ஒப்புதல் கொடுத்து ஓரிரு நாளில் நிறுத்தி வைத்ததும் செய்தியாக வந்தபோது பெரியவர் போன் செய்தார். நம்ம மனுவ மாத்துனது நல்லதாப் போச்சு சார் என்றார். 2021 தேர்தலில் தமிழ்நாட்டிலும் 75 விழுக்காடு என்று தி.மு.க. அறிக்கையில் எழுதியிருந்ததை நான் நினைவுபடுத்தினேன். அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது 1979 சட்டமும் இல்லை. 2025 நவம்பர் 21 முதல் தொழிலாளர் தொகுப்புகள் வந்துவிட்டன. ஐந்து பேர் என்ற வரம்பு பத்து ஆயிற்று, இடப்பெயர்வுப் படி போயிற்று. நான் போட்ட அந்தக் கணக்கு இனிப் பலிக்காது.

இந்த ரிட் மனுவோடு ஒரு குற்ற வழக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது. என்னிடம் வருவதற்கு முன்பே ஊரார் ஒரு நாள் கலவை லாரியை மறித்திருந்தார்கள். சட்டவிரோதமாகக் கூடியது, வழிமறித்தது, மிரட்டியது என்று இந்திய தண்டனைச் சட்டத்தின் 143, 341, 506(1) பிரிவுகளில் பெரியவரையும் அந்த அம்மாவையும் சேர்த்துப் போட்டிருந்தார்கள். பாலத்தில் பஸ் ஓட ஆரம்பித்த பிறகும் அது குற்றவியல் நடுவர் மன்றத்தில் இழுத்துக்கொண்டிருந்தது. மறித்ததைப் பார்த்த சாட்சிகள் என்று குற்றப்பத்திரிகையில் காட்டியது கொட்டகையில் இருந்த தொழிலாளர்களை. அவர்களுக்குச் சம்மன் அனுப்ப முகவரி வேண்டுமே? ஒப்பந்ததாரரிடம் கேட்டார்கள். பதிவேடு வைக்காத ஒப்பந்ததாரரிடம் ஊர்ப்பெயர்கூட இல்லை. மேஸ்திரியின் போன் அணைந்திருந்தது. வாய்தா மேல் வாய்தா வாங்கிப் பார்த்துவிட்டு அரசுத் தரப்பு சாட்சியத்தை முடித்துக்கொண்டது. குற்றவியல் நடைமுறைச் சட்டம் 255(1)-ன் கீழ் எல்லோரும் விடுதலை. தீர்ப்பு நகல் வாங்க அந்த அம்மா வரவில்லை, அன்று வேலை நாள், ஒயிட்பீல்டில் இருந்தார்.